2025: இந்திய கேமிங்கின் '1983'... ரம்மி ஆப்கள் விழுந்த பிறகு கூனிமேடு இளைஞர்களுக்கு என்ன மிச்சம்?

வீடியோ கேம் வரலாற்றில் மறக்க முடியாத வருஷம் எது என்று கேட்டால், விஷயம் தெரிந்தவர்கள் பலரும் 1983 என்பார்கள். அமெரிக்காவில் அந்தத் தொழிலே தலைகுப்புற விழுந்த வருஷம் அது. இந்தியாவில் அதற்கு இணையாக ஒரு வருஷத்தைச் சொல்ல வேண்டுமானால், அது 2025.

2025 ஆகஸ்ட் 20, புதன்கிழமை. ஆன்லைன் விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறை மசோதா மக்களவையில் அறிமுகமாகி, அன்றைக்கே நிறைவேறியது. மறுநாள் மாநிலங்களவை. அதற்கு மறுநாள் குடியரசுத் தலைவர் ஒப்புதல். மூன்றே நாள். அந்த வாரம் முடிவதற்குள் ட்ரீம்11, எம்பிஎல் உள்ளிட்ட பெரிய ஆப்கள் பணம் கட்டி ஆடும் போட்டிகளை நிறுத்தின. இந்திய கிரிக்கெட் அணியின் ஜெர்சியிலிருந்து ட்ரீம்11 பெயர் மறைந்து, செப்டம்பரில் அப்போலோ டயர்ஸ் வந்தது.

டெல்லியில் நடந்த இந்த மூன்று நாள் கூத்து, விழுப்புரம் மாவட்டக் கடற்கரையில் இருக்கும் கூனிமேட்டுக்கு எந்த வகையில் சம்பந்தம்? நிறையவே சம்பந்தம். இந்தச் சட்டம் சரியா, தப்பா என்பதைப் பெங்களூரு ஆபீஸில் உட்கார்ந்து கணக்குப் போட்டால் ஒரு விடை வரும். உப்பளத்துப் பக்கம் நின்று கணக்குப் போட்டால் வேறு விடை வரும்.

1983-இல் என்னதான் ஆச்சு?

எண்பதுகளின் தொடக்கத்தில் அமெரிக்க வீடுகளில் அடாரி பெட்டிதான் ராஜா. கேசட் போட்டால் விற்கும் என்ற நிலை. அதனால் கண்டவர்களும் கேம் செய்ய இறங்கினார்கள். 'இ.டி.' படத்தை வைத்து 1982 கிறிஸ்துமஸுக்கு வந்த கேமை உருவாக்கக் கொடுத்த அவகாசம் சுமார் ஐந்தே வாரம். குப்பையான கேம்கள் கடைகளில் குவிந்தன. வாங்கியவர்களுக்கு வெறுத்துப் போனது.

விளைவு, 1983-இல் சுமார் 320 கோடி டாலராக இருந்த அமெரிக்கச் சந்தை, 1985-க்குள் சுமார் 10 கோடி டாலருக்குச் சுருங்கியதாகச் சொல்லப்படுகிறது. விற்காத கேசட்டுகளை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய், நியூ மெக்ஸிகோ மாநிலத்தின் அலமகோர்டோ ஊர்க் குப்பைமேட்டில் அடாரி புதைத்தது. ரொம்ப நாள் கட்டுக்கதை என்றே பலரும் நினைத்தார்கள். 2014-இல் தோண்டியபோது கேசட்டுகள் நிஜமாகவே வெளியே வந்தன.

ஆனால் 1983-க்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதே வருஷம் ஜூலை 15 அன்று ஜப்பானில் நிண்டெண்டோ தன் ஃபேமிகாம் பெட்டியை விற்பனைக்கு விட்டது. இரண்டு வருஷம் கழித்து அதுவே வேறு பெயரில் அமெரிக்காவுக்குள் நுழைந்தபோது, கையில் மூன்று பூட்டுகளோடு வந்தது. அனுமதியில்லாத கேசட்டை ஓடவிடாத ஒரு சிப். ஒரு நிறுவனம் வருஷத்துக்கு இத்தனை கேம்தான் போடலாம் என்ற வரம்பு. பெட்டியின் மேல் தர முத்திரை. நிண்டெண்டோவின் இந்தக் கெடுபிடி அதன் பையை நிரப்பவும் உதவியது என்பது உண்மை. ஆனாலும் போன நம்பிக்கையைத் திரும்பக் கொண்டுவந்தது அந்தக் கண்டிப்புதான். தொண்ணூறுகளில் நம்மூர் டிவியில் கேசட் ஊதிப் போட்டு மரியோவும் கான்ட்ராவும் ஆடிய தலைமுறை, அந்த மறுபிறப்பின் வாரிசு.

புதுச் சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் ஆன்லைன் விளையாட்டை மூன்றாகப் பிரிக்கிறது.

- இ-ஸ்போர்ட்ஸ்: விதிகளோடு, போட்டியாக நடத்தப்படுவது. இதை விளையாட்டாக அங்கீகரித்து வளர்க்க வேண்டும்.
- சமூக விளையாட்டு: பொழுதுபோக்கு, கற்றல் சார்ந்தது. சந்தா கட்டலாம், பந்தயம் கட்ட முடியாது.
- பண விளையாட்டு: ஜெயித்தால் காசு வரும் என்ற எதிர்பார்ப்பில் பணம் கட்டி ஆடுவது. திறமையா, அதிர்ஷ்டமா என்ற பேச்சே இல்லை. முழுத் தடை.

நடத்துபவர்களுக்கு 3 வருஷம் வரை சிறை, ரூ.1 கோடி வரை அபராதம். விளம்பரம் செய்தால் 2 வருஷம் வரை சிறை, ரூ.50 லட்சம் வரை அபராதம். பணப் பரிமாற்றத்துக்கு உதவும் வங்கிகளுக்கும் செயலிகளுக்கும் தண்டனை உண்டு. ஆடுகிறவருக்குத் தண்டனை கிடையாது. அவரைப் பாதிக்கப்பட்டவராகவே சட்டம் பார்க்கிறது. வருஷத்துக்குச் சுமார் 45 கோடிப் பேர், ரூ.20,000 கோடி அளவுக்கு இழக்கிறார்கள் என்பது அரசு தரப்பு மதிப்பீடு.

கூனிமேட்டில் இது ஏன் பெரிய விஷயம்?

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் நோக்கிப் போனால் வழியில் வருகிறது கூனிமேடு. ஒரு பக்கம் கடல். மேலே போகப் போக மரக்காணம் உப்பளங்கள். இந்தப் பக்கத்து வருமானம் மாதச் சம்பளம் மாதிரி ஒன்றாம் தேதி வந்து விழுவதில்லை. வெயில் அடித்தால்தான் பாத்தியில் உப்பு பூக்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் உப்பளத்தில் வேலை நின்றுபோகும். புயல் எச்சரிக்கை வந்தால் படகும் கரையேறிவிடும்.

அதாவது, கையில் வேலை இல்லாத நாட்கள் சேர்ந்தாற்போல் வரும். கடன் கேட்க வேண்டிய நாட்களும் அவைதான். பண விளையாட்டு ஆப்களுக்கு இதைவிட வசதியான நேரம் வேறு கிடையாது. "சும்மா உக்காந்திருக்கிற நேரத்துல ஆயிரம் ரூபா பார்த்தா என்ன தப்பு?" என்ற கேள்விக்கு, டிவியில் நடிகரும் கிரிக்கெட் வீரரும் வந்து "ஒண்ணும் தப்பில்ல" என்று வருஷக்கணக்கில் பதில் சொன்னார்கள்.

மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழக அரசு ரூ.5,000 நிவாரணம் தருகிறது. வேலையில்லாத மாதங்களில் அடுப்பு எரிவதற்கான பணம் அது. ஆன்லைன் ரம்மி மேசையில் ஐந்தாயிரம் ரூபாய் போக ஒரு ராத்திரிகூட வேண்டாம். ஐடி கம்பெனியில் வேலை பார்ப்பவருக்கு ஐந்தாயிரம் போனால் அந்த மாசம் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தால் போதும். உப்பளத்துக் குடும்பத்துக்கு அது மகளிர் குழுக் கடன் தவணை, பிள்ளையின் பஸ் காசு, கடைக்காரரிடம் வைத்திருக்கும் மரியாதை எல்லாம் சேர்ந்த தொகை. ஆப்புக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு டேட்டா மலிவானது. யுபிஐ வந்த பிறகு பத்து ரூபாய்கூட ஒரு தட்டலில் போனது. இரண்டும் நல்ல விஷயங்கள்தான். ஆனால் முன்பெல்லாம் சூதாட வேண்டுமென்றால் ஊருக்கு ஒதுக்குப்புறமாகப் போக வேண்டும், யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயப்பட வேண்டும். போன் அந்த பயத்தை எடுத்துவிட்டது. போர்வைக்குள் படுத்துக்கொண்டே ஆடலாம். வீட்டில் இருப்பவர்களுக்கு விஷயம் தெரிவது பெரும்பாலும் கடன்காரர் வாசலுக்கு வரும்போதுதான்.

தமிழ்நாட்டின் ஐந்து வருஷ மல்லுக்கட்டு

டெல்லிச் சட்டம் மூன்று நாளில் வந்தது. தமிழ்நாட்டுக்கு அது ஐந்து வருஷக் கதை. 2020 நவம்பரில் அவசரச் சட்டம். அது 2021-இல் சட்டமானது. அதே வருஷம் ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022-இல் ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் குழு. அதன் அறிக்கைக்குப் பிறகு அக்டோபரில் புதிய மசோதா. ஆளுநர் ஆர்.என்.ரவி நான்கு மாதத்துக்கும் மேல் வைத்திருந்து திருப்பி அனுப்பினார். 2023 மார்ச் 23 அன்று சட்டப்பேரவை அதை மறுபடி நிறைவேற்றியது. ஏப்ரல் 10 அன்று ஒப்புதல் கிடைத்தது.

ஆன்லைன் சூதாட்டத்தில் பணம் இழந்து தமிழ்நாட்டில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள் என்று மாநில அரசு தரப்பில் சொல்லப்பட்டது. கோப்பு மேசை மாறிக்கொண்டிருந்தபோதும் ஆப்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று சொல்லி, அவற்றுக்கான தடையை நீக்கியது. தடை முடியாது, ஒழுங்குபடுத்தலாம் என்ற நிலை. எனவே 2025 பிப்ரவரியில் மாநில ஆன்லைன் விளையாட்டு ஆணையம் விதிகள் கொண்டுவந்தது. நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆட முடியாது, ஆதார் சரிபார்ப்பு கட்டாயம் என்பவை அதில் முக்கியமானவை. ஜூன் 3 அன்று உயர் நீதிமன்றம் அந்த விதிகள் செல்லும் என்றது. இரண்டரை மாதத்தில் மத்தியச் சட்டம் வந்து எல்லாவற்றையும் மூடியது.

'திறமை' என்ற அந்த ஒரு வார்த்தை

இத்தனை வழக்குகளும் சுற்றிச் சுற்றி வந்தது ஒரே வார்த்தையில்தான். ரம்மி பெரும்பாலும் திறமை விளையாட்டு என்று உச்ச நீதிமன்றம் 1968-இல் சொன்னது. 1996-இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் குதிரைப் பந்தயமும் திறமை சார்ந்தது என்றது. இந்தத் தீர்ப்புகளின் மேல்தான் ஆன்லைன் ரம்மி தன் மாளிகையைக் கட்டியது.

1968-இல் ரம்மி என்றால் நாலு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவது. சீட்டைக் கலைப்பவர் கண் முன்னால் இருப்பார். விடிந்தால் எழுந்து போக வேண்டும். எதிரில் இருப்பவர் பக்கத்துத் தெருக்காரர், அளவு மீறினால் அவரே "போதும்ப்பா, வீட்டுக்குப் போ" என்பார். ஆப்பில் சீட்டைக் கலைப்பது மென்பொருள். எதிரில் ஆடுவது யார் என்றே தெரியாது. தோற்றவரை மறுபடி இழுக்க போனஸ், நோட்டிஃபிகேஷன், இலவச டிக்கெட் என்று ஒரு படையே பின்னால் வேலை செய்யும். மேசைக்குச் சொன்ன தீர்ப்பை இந்த இயந்திரத்துக்கு அப்படியே பொருத்தியதுதான் அடிப்படைக் கோளாறு.

திறமை என்று கோர்ட்டில் வாதாடிய தொழில், இத்தனை வருஷத்தில் எந்தத் திறமையை வளர்த்தது என்ற கேள்வியும் இருக்கிறது. ரம்மி ஆப்பில் பத்து வருஷம் ஆடியவருக்கு அதை வைத்து எங்கேயும் வேலை கிடைக்காது. செஸ் ஆடுபவருக்குத் தரவரிசை உண்டு, பயிற்சியாளர் வேலை உண்டு, அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீடுகூட உண்டு. ரம்மிக்காரருக்கு மிச்சம் வங்கி ஸ்டேட்மென்ட் மட்டுமே.

கம்பெனிகள் சொல்வதில் நியாயமே இல்லையா?

இருக்கிறது. தொழில் அமைப்புகள் சட்டத்தை எதிர்த்துச் சொன்ன கணக்கு, 2 லட்சம் வேலைகளும் வருஷத்துக்கு ரூ.20,000 கோடி வரியும் போகும் என்பது. எம்பிஎல் தன் இந்திய ஊழியர்களில் பெரும்பகுதியினரை அனுப்பியது. கோடிங் எழுதியவர், டிசைன் செய்தவர், கஸ்டமர் கேரில் தமிழில் பேசியவர் என்று வேலை இழந்தவர்கள் எல்லோரும் சூதாட்ட முதலாளிகள் இல்லை. பல்லாயிரம் கோடி முதலீட்டை வரவிட்டு, 2023 அக்டோபரிலிருந்து கட்டும் தொகை முழுவதுக்கும் 28% ஜிஎஸ்டி வாங்கிவிட்டு, திடீரென்று மூன்று நாளில் கடையை மூடச் சொன்னது நல்ல நிர்வாகத்துக்கு அழகல்ல. பந்தயமும் சூதாட்டமும் அரசியல் சாசனப்படி மாநிலப் பட்டியலில் இருக்கின்றன, இதில் மத்திய அரசு எப்படிக் கைவைக்கலாம் என்ற கேள்வியும் நியாயமானது. வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கின்றன.

ஆனால் அந்த இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மக்கள் இழப்பு ரூ.20,000 கோடி என்கிறது அரசு. வரி ரூ.20,000 கோடி என்கிறது தொழில். அந்த வரிப் பணம் வானத்திலிருந்து விழவில்லை. ஆடித் தோற்றவர்களின் பையிலிருந்துதான் கிளம்பியது. ஏழையின் கையிலிருந்து பிடுங்கினால்தான் கஜானா நிரம்பும் என்றால், அந்தக் கஜானாவுக்கு வேறு வழி தேடுவதே முறை. டாஸ்மாக் விவாதத்தில் தமிழ்நாடு பல காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விதான் இது.

லாட்டரி சொல்லிக்கொடுத்த பாடம்

தடை போட்டாச்சு, பிரச்சினை முடிஞ்சாச்சு என்று நினைப்பவர்கள் லாட்டரியின் கதையைத் திரும்பிப் பார்க்க வேண்டும். 2003 ஜனவரியில் தமிழ்நாடு லாட்டரியைத் தடை செய்தது. நல்ல முடிவு. பஸ் ஸ்டாண்டுகளில் இருந்த லாட்டரிக் கடைகள் காணாமல் போயின. ஆனால் 'மூணு நம்பர் லாட்டரி' துண்டுச் சீட்டிலும் போனிலும் கமுக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. 2019 டிசம்பரில், தடை வந்து 16 வருஷத்துக்குப் பிறகு, இதே விழுப்புரத்தில் அந்த லாட்டரியில் பணம் இழந்த நகைத் தொழிலாளி ஒருவரின் குடும்பமே உயிரை விட்டது. மூன்று குழந்தைகள் உட்பட.

அதனால் இப்போது கவனிக்க வேண்டியது ட்ரீம்11 மூடியதா என்பதல்ல. அது பெயர், முகவரி, கணக்குவழக்கு உள்ள கம்பெனி. சொன்னால் மூடும். வெளிநாட்டில் சர்வர் வைத்துக்கொண்டு டெலிகிராமில் லிங்க் அனுப்பும் பந்தயத் தளம் மூடாது. ஒன்றைத் தடுத்தால் வேறு பெயரில் வரும். அங்கே ஏமாந்தால் புகார் கொடுக்கக்கூட ஆள் இல்லை. இதைப் பிடிக்க வேண்டிய சைபர் போலீஸுக்கு ஆளும் கருவியும் மாவட்ட அளவில் வேண்டும். மரக்காணம் ஸ்டேஷனில் ஒருவர் போய் "பந்தய ஆப்ல பணம் போச்சு" என்றால், "யார் உன்னை ஆடச் சொன்னது?" என்று திட்டு விழாமல் புகார் பதிவாக வேண்டும். ஆடியவர் குற்றவாளி இல்லை என்று சட்டமே சொல்கிறது.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. பணம் வைத்து ஆடாத கேம்களிலேயே, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத மர்மப் பெட்டியைக் காசு கொடுத்துத் திறக்கும் பழக்கம் உண்டு. நல்ல துப்பாக்கி விழலாம், ஒன்றுமில்லாமலும் போகலாம். பள்ளிப் பிள்ளைகள் அப்பாவின் யுபிஐயில் கைவைப்பது இங்கேதான். பெல்ஜியம் 2018-லேயே இதைச் சூதாட்டம் என்று அறிவித்தது. இந்தியாவில் இதைப் பற்றிய பேச்சே இன்னும் சரியாகத் தொடங்கவில்லை.

விழுந்த இடத்தில் என்ன முளைக்கப் போகிறது?

1983-ஐ உலகம் நினைவில் வைத்திருப்பது அடாரி விழுந்ததற்காக மட்டும் இல்லை. அந்தக் காலி இடத்தில் நல்ல கேம்கள் வந்ததற்காகவும்தான். இந்தியாவில் காலி இடம் உருவாகிவிட்டது. சட்டத்தின் பெயரிலேயே 'ஊக்குவிப்பு' என்ற வார்த்தை முதலில் வருகிறது. இ-ஸ்போர்ட்ஸுக்குப் பயிற்சி மையங்கள், ஊக்கத் திட்டங்கள் என்று உள்ளேயும் எழுதியிருக்கிறார்கள். தடை செய்ய மூன்று நாள் போதுமாக இருந்த அரசு, ஊக்குவிக்க எத்தனை வருஷம் எடுத்துக்கொள்ளும் என்பதுதான் சந்தேகம்.

முடியுமா என்று கேட்பவர்களுக்குக் கண்முன் ஓர் உதாரணம் இருக்கிறது. கனடாவின் டொரான்டோவில் ஒரு சின்னக் குழு உருவாக்கிய கேம் 'வெண்பா'. எண்பதுகளில் அங்கே குடியேறிய ஒரு தமிழ்த் தாயின் சமையலறைதான் களம். அழிந்துபோன சமையல் குறிப்பை வைத்து இட்லி அவிப்பதுதான் சவால். 2023 ஜூலையில் வெளிவந்த அந்த கேம், அடுத்த வருஷம் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதை வாங்கியது. ஒரு ரூபாய் பந்தயம் இல்லை. துப்பாக்கியும் இல்லை. நம் அடுப்பங்கரையிலிருந்து ஒரு கதை உலகத்துக்குப் போயிருக்கிறது.

டொரான்டோவில் முடிந்தது மரக்காணம் பக்கத்திலும் முடிய வேண்டுமென்றால் சில ஏற்பாடுகள் வேண்டும். திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்துக் கலை அறிவியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் கேம் வடிவமைப்பைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அடிப்படைக் கருவிகள் பல இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் போனில் கேம் ஆடலாம், செய்ய முடியாது. கம்ப்யூட்டர் லேப் மாலை ஆறு மணிக்குப் பிறகும் திறந்திருக்க வேண்டும். கேம் என்றால் நிரல் எழுதுவது மட்டும் இல்லை. படம் வரைபவர், இசை அமைப்பவர், கதை சொல்பவர், தமிழில் மொழிபெயர்ப்பவர் என்று பலருக்கும் அதில் வேலை உண்டு.

கடன் வலையில் ஏற்கெனவே விழுந்தவர்களுக்கு என்ன வழி என்பதையும் அரசு சொல்ல வேண்டும். ஆப் மூடியதோடு வட்டி நிற்கவில்லை. அரசு மருத்துவமனையில் மதுப் பழக்கத்துக்கு ஆலோசனை கிடைப்பதுபோல, சூதாட்டப் பழக்கத்துக்கும் கிடைக்க வேண்டும். "கேம் ஆடினதுக்கெல்லாம் டாக்டரா?" என்ற கேலி அந்த வாசலில் இருக்கக் கூடாது.

சட்டத்தின் தடைப் பகுதி வேலை செய்யத் தொடங்கிவிட்டது. ஊக்குவிப்புப் பகுதி இன்னும் தாளில்தான் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் என்ன சொன்னாலும், அடுத்த மழைக்காலத்தில் உப்பளம் நிற்கும்போது கூனிமேட்டு இளைஞரின் கையில் போன் இருக்கத்தான் போகிறது. டெலிகிராம் லிங்க் வந்து சேர்வதற்கு முன்னால், கல்லூரி லேபின் கதவு திறந்தாக வேண்டும்.

(தற்கொலை எந்தப் பிரச்சினைக்கும் தீர்வல்ல. மன உளைச்சலில் இருப்பவர்கள் தமிழக அரசின் 104, மத்திய அரசின் டெலி மானஸ் 14416 ஆகிய உதவி எண்களில் பேசலாம். ஆன்லைன் பண மோசடிப் புகார்களுக்கு: 1930.)